மூஸின் இடுப்புச் சுற்றளவு

கிரானைட் பெண்ட் கால்பந்துக் கழகம் ஒருவருக்கு நன்மை செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் அந்த ஆள் தப்புவது கடினம். மைதானத்துக்கு வெளியே கார்களை நிறுத்திவிட்டு, அடுப்பு மூட்டி, சாசேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருந்தவர்களுக்கு ஒரு முறை இப்படி நன்மை செய்தார்கள். இப்போது அங்கே அடுப்பும் இல்லை, சாசேஜும் இல்லை. 'சாசேஜ் பண்பாட்டு வளைவு' என்று ஒரு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் கீழே நின்று சாப்பிடக் கூடாது என்று பலகையும் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நன்மை வெர்லின் டோஸ்ட்ருடின் தலையில் விழுந்தது.

வெர்லின் அந்த வட்டாரத்தின் பனி வாரும் லாரியை ஓட்டுகிறவன். வயது ஐம்பத்தேழு. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற முகம். ஊரில் ஓடாத காரை விற்க நினைப்பவர்கள் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் மூஸ். கழகத்தின் சின்னமே மூஸ் மான்தான். அதன் வேடத்தைக் கட்டிக்கொண்டு, தெற்குப் பார்வையாளர் மேடையின் முதல் வரிசையில், இருபத்தொன்பது வருடமாக ஒரு ஆட்டம் விடாமல் நின்றிருக்கிறான்.

அது இரண்டு பேர் புகுகிற வேடம். கொம்பும் தலையும் முன்னங்கால்களும் ஒருவனுக்கு. முதுகும் வாலும் பின்னங்கால்களும் இன்னொருவனுக்கு. அந்த இன்னொருவன் டுவெயின் பெகாரெக். ஊரில் எல்லார் வீட்டுச் சூடேற்றியையும் பழுது பார்க்கிறவன். இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர்கள். ஒருவன் கல்யாணத்துக்கு இன்னொருவன் மாப்பிள்ளைத் தோழன். ஒருவன் விவாகரத்துக்கு இன்னொருவன் சாட்சி.

டிசம்பரில் வேடத்தோடு வெட்டவெளியில் நாலு மணி நேரம் நிற்பது விளையாட்டுக் காரியமில்லை. தெரியாதவன் கம்பளியாக வாங்கி மேலே மேலே போடுவான். தெரிந்தவன் காலிலிருந்து தொடங்குவான். வெர்லின் முதலில் மெல்லிய காலுறை, அதன் மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை, அதன் மேல் கம்பளிக் காலுறை என்று போடுவான். பிறகு நீள உள்ளாடை, அதன் மேல் நெஞ்சிலும் முதுகிலும் நாலு மடிப்புச் செய்தித்தாள், எல்லாவற்றுக்கும் மேலே மான் வேட்டைக்குப் போடும் தடித்த ஆரஞ்சுச் சட்டைக்கால்சட்டை. நிற்கிற இடத்தில் அட்டை. இது முக்கியம். சிமெண்டுத் தரை உள்ளங்கால் வழியாகத்தான் உயிரை உறிஞ்சும் என்பது அந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். டிசம்பர் ஆட்டத்துக்குப் பாதி ஊர் அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வரும். இவ்வளவும் உள்ளே அடங்க வேண்டுமென்று வெர்லினின் மனைவி டார்லா வேடத்தை இரண்டு சுற்று பெரிதாகவே தைத்திருந்தாள்.

இதற்கெல்லாம் மேலான ஒரு சூடு அந்த வேடத்துக்குள் இருந்தது. இரண்டு ஆள் ஒரே தோலுக்குள் இருந்தால் ஒருவன் மூச்சு இன்னொருவனுக்குக் கணப்பு. பின்னால் குனிந்து நிற்பவனுக்குக் காற்றே படாது. முன்னால் நிற்பவனுக்கு ஆட்டம் தெரியும், ஆனால் மூஞ்சி மரத்துப்போகும். அதனால், அமெரிக்கக் கால்பந்தின் நாலு கால் பகுதிகளில் ஒவ்வொன்றும் முடிந்ததும் இடம் மாறிக்கொள்வார்கள். முன்னால் இருப்பவன் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும், பின்னால் இருப்பவன் திட்ட வேண்டும். நாலு வருடம் முன்பு டுவெயின் நெஞ்சுச்சளி முற்றி மருத்துவமனையில் கிடந்து வந்தான். அன்றிலிருந்து வெர்லின் இடம் மாறுவதை நிறுத்திவிட்டான். நாலு பகுதியும் அவனே முன்னால் நின்றான். பின்பக்கத்தில் டுவெயினின் நெஞ்சு படுகிற இடத்தில் ரப்பர் வெந்நீர்ப்பை ஒன்று தொங்க டார்லாவிடம் சொல்லிக் கொக்கி தைத்து வாங்கினான். அப்படி முன்னாலேயே நின்றதில் முந்தின வருடம் அவன் இடது பாதம் உறைந்துபோயிற்று. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரெண்டு விரலை எடுத்துடுவேன், அப்புறம் நீ கிளட்ச் மிதிக்க வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில் கழகத்தின் ரசிகர் மரபுப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் மூஸ் மரபுச் செல்வமாக அறிவிக்கப்படத் தகுதியுடையதாகக் கருதப்படுகிறது, இத்துடன் உள்ள பதினான்கு பக்கங்களை நிரப்பவும். வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. டுவெயினுக்குப் போன் போட்டான். அவன் ஏற்கெனவே கிளம்பி வந்துகொண்டிருந்தான்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து நிரப்பினார்கள். டார்லா காப்பி ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு இத்தனை பக்கம்? மூஸுக்கு பாஸ்போர்ட்டா எடுக்கப் போறாங்க?"

"எல்லாம் சம்பிரதாயம் டார்லா. நீ அந்தக் கேக்கை இப்படித் தள்ளு" என்றான் டுவெயின்.

"இங்க 'மூஸின் சார்பாகப் பேசுபவர்'னு ஒரு கட்டம் இருக்கு, 'மூஸைச் சுமப்பவர்'னு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டும் என்னடா வித்தியாசம்?" என்று கேட்டான் வெர்லின்.

"ஒண்ணும் இல்லடா. உனக்குத்தான் மேடைன்னா நாக்கு ஒட்டிக்குமே. பேசுறதுல என் பேரைப் போடுறேன், சுமக்குறதுல உன் பேரைப் போடுறேன். கையெழுத்துப் போடு."

"நீ எது சொன்னாலும் சரிதான்" என்று வெர்லின் பதினான்கு இடத்திலும் கையெழுத்துப் போட்டான். டார்லா கேக்கை எடுத்து உள்ளே வைத்தாள்.

செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. பிரிவின் தலைவி மிஸ் கோர்ட்னி லாங்வெல் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினாள். முதன்முதலாக மூஸ் மைதானத்துக்கு வந்த அன்று உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் எடுத்தது. மூஸ் ஒல்லியாக, துள்ளலாக, வெயிலில் நின்றது.

"இதுதான் சார் பதிவு செய்யப்பட்ட உருவம். இடுப்புச் சுற்றளவு நாற்பத்தொன்பது அங்குலம். போன டிசம்பர்ல உங்க மூஸை கேமராவுல அளந்திருக்கோம். எழுபத்தோரு அங்குலம்."

"அம்மா, இந்தப் படம் எடுத்தது செப்டம்பர் மாசம். அன்னிக்கு எண்பது டிகிரி பாரன்ஹீட் வெயில். உள்ள வெறும் பனியனோட நின்னோம்."

"மரபுக்கு மாசம் கிடையாது சார்."

"குளிர் காலத்துல நிஜ மூஸே ரோமம் வளர்த்துக்கும்மா. குண்டாத்தான் தெரியும்."

"அது பருவகால உருவ மாற்றம். அதுக்குத் தனி விண்ணப்பம் இருக்கு. மே மாசத்தோட தேதி முடிஞ்சிருச்சு." அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "சார், நாங்க உங்களைக் கட்டுப்படுத்தலை. உங்களை உங்ககிட்டேருந்தே பாதுகாக்கிறோம். விட்டா ரசிகருங்க என்ன பண்ணுவாங்க? சௌகரியத்தைப் பார்ப்பாங்க. சௌகரியம் வந்துட்டா மரபு எங்கே நிக்கும்?"

வெர்லின் டுவெயினைப் பார்த்தான். மூஸின் சார்பாகப் பேசுபவன் அலுவலக பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். வெளியே வந்ததும் வெர்லினின் தோளைத் தட்டினான்.

"விடுடா. வாசல்ல டேப் வெச்சுக்கிட்டு யாரு அளக்கப் போறா?"

அக்டோபரில் யாரும் அளக்கவில்லை. நவம்பரில் இரண்டு ஆட்டமும் வெளியூரில். டிசம்பரின் கடைசி ஆட்டத்தன்று தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்றைக் காட்டியது. அன்று இடைவேளையில் நடு மைதானத்தில் மூஸுக்குப் பட்டயம் கொடுப்பதாக ஏற்பாடு. காலையிலேயே டுவெயின் போன் செய்தான். குரல் கம்மியிருந்தது.

"வெர்லின், நெஞ்சு கட்டிக்கிச்சுடா. டாக்டர் வெளியவே போகாதேங்கிறாரு. நான் வீட்ல டிவியில பாத்துக்கிறேன். நீ எனக்கும் சேர்த்து வாங்கிக்கோ."

"பட்டயம் கெடக்குது விடுடா. நீ படு. டார்லாவை சூப்பு வெச்சு எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"வேணாம் வேணாம், யாரும் வர வேணாம். தூங்கப் போறேன்" என்று டுவெயின் அவசரமாக வைத்துவிட்டான்.

பின்பக்கம் இல்லாத மூஸைத் தோளில் சுமந்துகொண்டு வெர்லின் தெற்கு வாசலுக்குப் போனான். பழக்க தோஷத்தில் வெந்நீர்ப்பையை நிரப்பிக் கொக்கியில் மாட்டியிருந்தான். வாசலில் ஒரு கூடாரம். அதில் 'உருவ ஒத்திசைவு நிலையம்' என்று எழுதியிருந்தது. மேஜைக்குப் பின்னால் கர்டிஸ் உட்கார்ந்திருந்தான், வெர்லினின் தெருக்காரன்.

"வா வெர்லின். கையைத் தூக்கு" என்று கர்டிஸ் அளவுநாடாவை எடுத்தான். "எழுபது. இருபத்தோரு அங்குலம் கழட்டணும்பா."

"கர்டிஸ், வாராவாரம் உன் வீட்டு வாசல்ல பனி வாரிக் குடுக்கிறவன்டா நான்."

"அதனாலதான் மரியாதையா சொல்றேன். மத்தவங்களை நானே கழட்டுவேன்." கர்டிஸ் ஒரு தாளை விரித்துப் படித்தான். "ஒண்ணு, ஆரஞ்சு வேட்டை உடுப்பு. இதை வாசல்லயே ஒத்துக்குவான், ஆனா சின்னதா ஒரு ரகளை பண்ணுவான். ரெண்டு, நெஞ்சுல செய்தித்தாள் நாலு மடிப்பு. இதை மறைப்பான், தட்டிப் பார்த்தா சத்தம் வரும்." கர்டிஸ் தட்டிப் பார்த்தான். சத்தம் வந்தது. "மூணு, ரெண்டு கால்லயும் ரொட்டிப் பை. நாலு, வலது கொம்புக்குள்ள பிராந்திக் குப்பி."

கொம்புக்குள் குப்பி இருப்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். டார்லாவுக்கே தெரியாது.

"அந்தத் தாளைக் காட்டு" என்றான் வெர்லின்.

"உள் ஆவணம்பா, காட்டக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கர்டிஸ் அதைக் காட்டினான். நீலப் பேனாவில், சூடேற்றி ரசீது எழுதுகிற அதே அச்சுக் கையெழுத்தில், ஒன்பது வரி இருந்தது. ஒன்பதாவது வரி: பின்பகுதி உட்புறம், நெஞ்சு உயரத்தில், ரப்பர் வெந்நீர்ப்பை. தேவையற்றது.

வெர்லின் அந்தக் கடைசிச் சொல்லை இரண்டு முறை படித்தான். கூட இருந்து குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறான். ஆனால் குழிக்கு இப்படி நீள அகலத்தோடு வரைபடம் போட்டுக் கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அப்போதும் அவன் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. கழகத்துக்காரன் ஏமாற்றி எழுதி வாங்கியிருப்பான், பாவம் காய்ச்சலில் கிடக்கிறவன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். கர்டிஸ் ஒவ்வொன்றாக வாங்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டோக்கன் கொடுத்தான். வெந்நீர்ப்பையைக் கையில் வாங்கியதும் அவன் முகம் மலர்ந்தது. "சூடா இருக்கே" என்று அதை மடியில் வைத்துக்கொண்டான். கடைசியில் வெர்லினின் கக்கத்தில் இருந்த அட்டையைக் கைகாட்டினான்.

"அதுவும்."

"இது மூஸுக்கு உள்ள இல்லயே! கீழதானே போடப் போறேன்!"

"போட்டோவுல மூஸ் புல்லுல நிக்குது. அட்டையில நிக்கலை."

உள்ளாடையும் கம்பளிக் காலுறையும் மட்டும் மிஞ்சின. நாடா நாற்பத்தொன்பதைக் காட்டியது. கர்டிஸ் கைதட்டி வாழ்த்தினான். அப்போது மிஸ் லாங்வெல் இரண்டு பணியாளர்களோடு வந்தாள். அவர்கள் கையில் மடித்த தார்ப்பாய் போல ஒன்று இருந்தது.

"திரு பெகாரெக் வர முடியலைன்னு தெரியும் சார். கவலைப்படாதீங்க, பின்பகுதியை நாங்களே செஞ்சு வெச்சிருக்கோம். காற்றடைக்கிற பின்பகுதி. அவரு போன மாசமே வந்து அளவு குடுத்தாரு."

"போன மாசமா? இன்னிக்குக் காலையிலதானே அவனுக்கு நெஞ்சு கட்டிச்சு?"

"திட்டமிட்டுச் செயல்படுறவரு சார் அவரு" என்று மிஸ் லாங்வெல் பாராட்டினாள். "பாருங்க, பின்பக்கத்துக்கு முகம் இல்லை. வாசல் கேமராவுல முகம் பதியலைன்னா அது பார்வையாளர் கணக்குல வராது. இருபத்தொன்பது வருஷமா உங்க பின்பக்கம் சட்டப்படி மைதானத்துக்குள்ளயே வரலை. அந்தக் குறையை இப்ப நிவர்த்தி பண்ணிட்டோம்."

பின்பகுதியை வெர்லினின் முதுகோடு ஜிப் வைத்து மூட்டினார்கள். அதற்குள் ஒரு சின்ன விசிறி. வெளியே இருந்து காற்றை இழுத்து உள்ளே தள்ளினால்தான் மூஸின் முதுகு நிமிர்ந்து நிற்கும். வெளியே இருந்த காற்று பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. இருபத்தொன்பது வருடம் ஒரு மனிதன் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பிடரியில் இப்போது அந்தக் காற்று வீசியது. "அமைதியா ஓடும், பேட்டரி அஞ்சு மணி நேரம் தாங்கும்" என்று ஒரு பணியாளன் பெருமையோடு சொன்னான்.

முதல் வரிசையில் சிமெண்டில் நின்றான் வெர்லின். பழக்கத்தில் ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தான். "இடது பக்கம் ஓடுறான்டா... பிடிச்சுட்டாங்க." பின்னாலிருந்து திட்டு வரவில்லை. விசிறிதான் உர்ரென்றது. முதல் கால் பகுதி முடிவதற்குள் தாடை ஆடத் தொடங்கிவிட்டது. இரண்டாவது பகுதியில் இடது பாதம் வலித்தது. அதற்காக அவன் கடவுளுக்கு நன்றி சொன்னான், வலிக்கிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் அட்டை மேல் நின்ற ஒருவர் இரக்கப்பட்டு, "இங்க வந்து நில்லுப்பா" என்று பாதி அட்டையை விட்டுக்கொடுத்தார். எங்கிருந்தோ ஒரு பணியாளன் ஓடி வந்து மூஸை அட்டையிலிருந்து இறக்கினான்.

இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பு வலி நின்றுவிட்டது.

நடு மைதானத்துக்கு அவனை நடத்திக்கொண்டு போனார்கள். காற்று அடித்ததால் மூஸின் நாலு காலையும் கயிறு போட்டுத் தரையில் முளையடித்துக் கட்டினார்கள். விசிறியை முழு வேகத்துக்குத் திருப்பினார்கள். பின்பகுதி புடைத்து, காற்று முன்பகுதிக்கும் நிரம்பி, கொம்பு வானத்தைப் பார்த்தது. இப்போது மூஸை வெர்லின் தாங்கவில்லை. மூஸ்தான் அவனைத் தாங்கியது. மேற்கு மேடையின் உச்சியில் கண்ணாடி அறை பளபளத்தது. அங்கிருந்து கழகத் தலைவர் பிரெஸ்டன் ஹாலிஸ்டர் ஒலிபெருக்கியில் பேசினார். பெரிய திரையில் அவர் முகம் தெரிந்தது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார்.

"அன்பு ரசிகர்களே! நானும் உங்களில் ஒருவன். நீங்க படுற குளிர் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. இங்கேருந்து பார்த்தா ரொம்ப நல்லாத் தெரியுது. இந்த அறையில எழுபத்திரண்டு டிகிரின்னு சில பேர் புரளி கிளப்புறாங்க. அது பொய். எழுபத்தாறு. ஆனா ஒண்ணு சொல்றேன், சூடுங்கிறது உடுப்புல இல்லை, உள்ளத்துல இருக்கு. அதனாலதான் போன வருஷம் வெளியிலேருந்து போர்வை கொண்டு வர்றதைத் தடை பண்ணினோம். உங்க உள்ளத்து மேல எங்களுக்கு இருக்கிற நம்பிக்கை, உங்களுக்கே இல்லாம போயிடக் கூடாது பாருங்க!"

ஜனங்கள் கைதட்டினார்கள். கை தட்டினால் கொஞ்சம் சூடு வரும்.

"இந்த மூஸ் ஏன் மரபுச் செல்வம்? இது முணுமுணுக்கலை. இடம் மாத்திக் குடுன்னு கேக்கலை. இருபத்தொன்பது வருஷமா நாங்க என்ன செஞ்சாலும் வந்து நின்னுது. இதைவிட நல்ல ரசிகனை எந்தக் கழகமும் உருவாக்க முடியாது. நாங்க முயற்சி பண்ணிட்டோம். இப்ப, இந்த மூஸின் உயிர்நாடி, நம்ம புதிய மரபு ஆலோசகர், இனிமே இந்த அறையில நிரந்தர இருக்கை பெறப்போறவர், திரு டுவெயின் பெகாரெக்!"

திரையில் டுவெயின் வந்தான். நெஞ்சில் எந்தக் கட்டும் இல்லை. அரைக்கைச் சட்டை. கன்னம் சிவந்து, கையில் இறால் குத்திய ஒரு குச்சி.

வெர்லின் மூஸின் வாய் வழியாகத் திரையைப் பார்த்தான். காலையில் சூப்பு அனுப்புகிறேன் என்று சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது. துரோகம் செய்தவன் தெம்பாக இறால் தின்கிறான், செய்யப்பட்டவன் வெட்கத்தில் சாகிறான், இது என்ன நியாயமோ தெரியவில்லை.

"நான் என்னத்தைச் சொல்ல" என்றான் டுவெயின் ஒலிபெருக்கியில், மேடையில் நாக்கு ஒட்டாத குரலில். "முன்னால நிக்குறவனைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. ஆனா பின்னால குனிஞ்சு நின்னு பாரம் சுமந்தவனுக்குத்தான் தெரியும் கஷ்டம். நாலு வருஷமா ஒரு ஆட்டத்தைக் கண்ணால பார்த்ததில்லை நான். யாரும் எனக்கு முன்னால இடம் குடுக்கலை. அதுக்காக நான் வருத்தப்படலை."

கூட்டம் 'ஐயோ பாவம்' என்றது. பட்டயத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளத் தலைவரும் டுவெயினும் கீழே இறங்கி வருவார்கள் என்று அறிவித்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து மைதானத்துக்கு வர ஏழு நிமிடம் ஆகும். முதலில் டுவெயினுக்கு ஒரு கோட்டுத் தேட வேண்டும்.

வெர்லின் காத்திருந்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கத்தான் நினைத்தான். நாக்கு திரும்பவில்லை, கால் இருக்கிற இடமே தெரியவில்லை. மூஸின் வயிற்று ஜிப்பைப் பல்லால் இழுத்துத் திறந்து, வயிற்றுக்குக் கீழாகப் பனியில் ஊர்ந்து வெளியே வந்தான். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மூஸ் கொஞ்சமும் சரியவில்லை. நிமிர்ந்து, ஒல்லியாக, துள்ளலாக, புகைப்படத்தில் இருப்பது போலவே நின்றது.

வெள்ளை உள்ளாடையோடு ஒருவன் மைதானத்தில் தவழ்வதைப் பார்த்து இரண்டு காவலர்கள் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள்.

"யாருய்யா நீ? மரபு நிகழ்ச்சி நடக்குறப்ப இப்படியா வருவே, அசிங்கமா?"

"நான்தான் மூஸ்" என்றான் வெர்லின்.

"மூஸ் அங்க நிக்குது. குடிச்சிருக்கியா?"

"இல்ல. குப்பியை வாசல்லயே வாங்கிக்கிட்டாங்க."

அவன் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்து, வெளியே தள்ளுவதற்குப் பதிலாக முதலுதவி அறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதுவரை அந்த மைதானத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அது. அங்கே நோரீன் என்று ஒரு நர்ஸ், பருத்த உடம்பு, சலித்த கண். அவன் காலுறையைக் கத்தரித்து எடுத்து, பாதத்தைப் பார்த்தாள். இளஞ்சூட்டு நீர்த் தொட்டியில் இரண்டு காலையும் வைத்துவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தாள்.

"டிக்கெட் குடு, பதியணும்." அவன் கழுத்தில் தொங்கிய டிக்கெட் அட்டையைக் கருவியில் தேய்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "வெர்லின் டோஸ்ட்ருட் இப்ப நடு மைதானத்துல பட்டயம் வாங்கிட்டு இருக்கிறதா காட்டுதே. நீ இங்க இருக்க முடியாதாம். உன்னைச் சேர்க்க மாட்டேங்குது."

"அப்ப நான் என்ன பண்றது?"

"கணினியைத் தூக்கிக் குப்பையில போடு. காலை எடுக்காதே." அவள் ஒரு துண்டை அவன் தோளில் போட்டாள். "வலது பரவால்ல. இடதுல இந்த ரெண்டு விரலும் கறுத்திருச்சு. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். என்ன வேலை பார்க்குறே?"

"பனி வார்ற லாரி ஓட்டுறேன்."

நோரீன் இன்னொரு துண்டையும் எடுத்துப் போட்டாள்.

சுவரில் தொலைக்காட்சி ஓடியது. டுவெயின் யாருடைய கோட்டையோ போட்டுக்கொண்டு நடு மைதானத்துக்கு வந்துவிட்டான். மிஸ் லாங்வெல் நாடாவால் மூஸின் இடுப்பைச் சுற்றி அளந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். தலைவர் பட்டயத்தை மூஸின் கழுத்தில் மாட்டினார். ஒருவரும் வாய் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. டுவெயின் மூஸின் கழுத்தைக் கட்டிப்பிடித்தான். கன்னத்தை அதன் தாடையோடு வைத்து, காதுக்குள் எதையோ குசுகுசுவென்று சொன்னான். பிறகு ஒலிவாங்கியைக் கையில் வாங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுகை நிஜம்தான், அதில் சந்தேகமில்லை.

"உள்ள என் நண்பன் இருக்கான். எத்தனை வருஷம்! எனக்குக் கோபமே இல்லைடான்னு இப்ப சொல்றான். கை குடுத்துட்டே இருக்கான். அவன் சூடு எனக்குத் தெரியுது!"

மைதானம் முழுக்க எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தில் முதலுதவி அறையின் தகரக் கூரை அதிர்ந்தது. நோரீன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட ஆள் வேணும். உன்கூட யாரு வந்திருக்கா?"

வெர்லின் தொட்டிக்குள் இருந்த காலைப் பார்த்தான். உணர்வு திரும்ப ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாகக் கொதித்தது, இரண்டைத் தவிர.

"யாரும் இல்லம்மா" என்றான். "நான் தனியாத்தான் வந்தேன்."